கடல் தெரியும் வீடு: ஒரு குடும்ப இடமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வேலை மாற்றலில் ஊர் மாறும் குடும்பங்களுக்கு வீடு, பள்ளி, சாமான் போக்குவரத்து ஆகியவற்றை ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். இங்கே சொல்லப்போகும் குடும்பம் என்னிடம் வந்தது முதல் மாற்றத்துக்கு அல்ல, இரண்டாவதற்கு. உள்நாட்டுப் பெருநகர் ஒன்றின் புறநகரிலிருந்து கடலோர நகருக்குக் குடிவந்து, ஒரு மழைக்காலத்தை ஓட்டி முடித்த கையோடு, அதே நகருக்குள் வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டில் என்ன கோளாறு என்று தெரியாமல் அடுத்த வீட்டைத் தேட முடியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப்பெயரைத் தவிர்த்திருக்கிறேன், உப்புக்காற்றும் ஈரமும் எந்தக் கடற்கரையிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர், அந்த வீட்டில் மிகக் குறைந்த நேரம் இருக்கப்போகிறவர். பிற சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

குடும்பம்

ஐந்து பேர். கணவருக்குக் கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை. பதவி உயர்வோடு துறைமுகக் கிளைக்கு மாற்றினார்கள். மனைவி ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கிறார். மகளுக்குப் பதினைந்து வயது, மகனுக்கு எட்டு. கணவரின் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது; மூட்டுவலி உண்டு, குளிர் நாட்களில் இழுப்பும் வரும்.

புறநகரில் சொந்த வீடு. தெருவில் பாதிப் பேர் பாட்டிக்குத் தெரிந்தவர்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்க்காமலே மாத்திரையை எடுத்துக் கொடுப்பாராம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இடமாற்றக் கணக்கில் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் விடுபடுவது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

கணவர் மட்டும் முதலில் போய் ஓர் அறை எடுத்துத் தங்கலாம், பள்ளி ஆண்டு முடிந்ததும் மற்றவர்கள் வரலாம் என்றொரு யோசனை இருந்திருக்கிறது. "ரெண்டு வீட்டுச் செலவு எதுக்கு, போறதுன்னா எல்லாரும் சேர்ந்தே போயிடலாம்" என்று அதைத் தள்ளிவிட்டார்கள். பிரிந்திருக்க மனமில்லாத குடும்பம் எடுத்த முடிவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ந்து போவது என்று முடிவான நாளிலிருந்தே அவசரம் தொற்றிக்கொண்டது. அந்த அவசரத்தில் வீடு பார்க்கும் வேலை கணவர் கைக்குப் போனது.

வீடு பார்த்தது

வறண்ட, இதமான பருவத்தில், ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் போனார்கள். கடலைப் பார்த்த அடுக்குமாடி, ஆறாவது தளம். "பால்கனியில நின்னா கடல் முழுக்கத் தெரியுதுங்க. வேற என்ன வேணும்?" என்றுதான் என்னிடமும் சொன்னார். மனைவி சொன்னது வேறு: "அன்னிக்கு அந்த வீட்டுல நாங்க இருந்தது மொத்தமே இருபது நிமிஷம். அதுல பதினஞ்சு நிமிஷம் பால்கனியிலதான்."

கடலோர வீட்டை ஏமாந்து பார்க்க ஏற்ற நேரம் பிற்பகல். பகலில் கடல்நீரைவிட நிலம் விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும் இந்தக் கடற்காற்று எந்த வீட்டையும் நல்ல வீடாகக் காட்டும். இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திசை மாறும். நடுவில், விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும், அசைவே இல்லாத நேரம் ஒன்று வரும். காற்று வரும் சன்னல்கள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்து, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழியில்லாத வீட்டில் அந்த நேரம் புழுக்கம் தாங்காது. இவர்களின் வீடு அப்படிப்பட்டது. படுக்கையறை இரண்டும் பின்பக்கம், காற்றோட்டமில்லாத குறுகிய இடைவெளியைப் பார்த்து இருந்தன. கூடத்துக்கும் பால்கனிக்கும் மட்டும்தான் கடல்.

வீட்டைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் கட்டடத்தைப் பார்க்கச் செலவிடச் சொல்வேன். பக்கத்து வீட்டு பால்கனிக் கம்பி எப்படி இருக்கிறது, லிஃப்ட் கதவின் அடிப்பட்டை அரித்திருக்கிறதா, வெளியே மாட்டிய ஏசி பெட்டியின் அலுமினியத் தகடுகள் தொட்டால் பொடியாக உதிர்கின்றனவா, வண்டி நிறுத்தும் தளத்தின் கூரையில் கம்பி ஓடும் கோட்டை ஒட்டி வெடிப்பு தெரிகிறதா. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு மூல இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெட்டித் தள்ளி மேற்பூச்சைப் பெயர்த்துவிடும். புதுப்பூச்சு அடித்து மறைத்தாலும் ஒரு பருவத்தில் கோடு மறுபடி வெளியே வந்துவிடும். இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தக் கோடுகள் இருந்தன. நான் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. அவர்கள் குடிவந்த நாளிலும் இருந்திருக்க வேண்டும், யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சத் தங்கல் காலம் என்று ஒரு விதி. அதற்கு முன் காலி செய்தால் முன்பணத்தில் பெரும்பகுதி போய்விடும். பருவம் தெரியாத ஊரில் இப்படிப்பட்ட விதியில் கையெழுத்துப் போடுவதைத்தான் முழுமுட்டாள்தனம் என்பேன். கடலோரத்தில் முதல் வீடு என்பது பரிசோதனை வீடு. எளிதாக வெளியேறும்படி இருந்தால்தான் அது பரிசோதனை.

சாமான்

ஏற்றி இறக்கியதில் பெரிய குறை இல்லை. சான்றிதழ்கள், மருத்துவக் கோப்பு, மடிக்கணினி எல்லாம் கைப்பையில் வந்தன. பயணக் காப்பீடு எடுத்திருந்தார்கள். ஒரு கண்ணாடி அலமாரி உடைந்தது, ஈட்டுத்தொகை கிடைத்தது.

எதைக் கொண்டு வந்தார்கள் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. இரும்பு பீரோ இரண்டு, இரும்புக் கட்டில் ஒன்று, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் செய்த புத்தக அலமாரி. இந்தப் பலகை ஈரம் குடித்தால் உப்பி விளிம்பு விரிந்துவிடும். மறுபடி பழைய நிலைக்கு வராது. உள்நாட்டில் இருபது ஆண்டு உழைக்கும் சாமானைக் கடலோரத்துக்கு ஏற்றி வர லாரிக் கூலி கொடுப்பதைவிட, அங்கேயே விற்றுவிட்டு வந்திருக்கலாம்.

உப்பு

குடிவந்த சில வாரங்களில் பாட்டிதான் முதலில் கவனித்திருக்கிறார். காலையில் சன்னல் கம்பியைத் துணியால் துடைப்பது அவர் பழக்கம்.

"ஏம்மா, தொடச்சு அரை மணி கூட ஆகல. மறுபடியும் கம்பி ஈரமா இருக்கு."

"மழை பெய்யலையே அத்தை."

"கையெல்லாம் பிசுபிசுங்குது. நாக்குல வச்சுப் பார்த்தேன், உப்பு."

ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமல் பாட்டி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். கரையில் அலை உடையும்போது லட்சக்கணக்கான குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத்துளிகளைக் காற்றில் விசிறுகின்றன. அவை வந்து படியும் இடமெல்லாம் ஈரத்தை இழுக்கும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரைந்து நீர்ப்படலமாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். அதனால்தான் ஒரு சொட்டு மழை இல்லாமலே கம்பி நனைந்திருக்கிறது. துருவுக்குத் தேவை ஈரம், ஆக்சிஜன். உப்பு ஈரத்தைக் கம்பியோடு ஒட்டிவைத்து, மின்கடத்தலையும் கூட்டி வேலையை விரைவுபடுத்துகிறது.

இதில் தூரம் முக்கியம். காற்றில் வரும் உப்பின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். அதற்கப்பால் அளவு வேகமாகக் குறையும். அலை ஓயாமல் உடையும் திறந்த கடற்கரையில் உப்பு அதிகம். அலை தணிந்த விரிகுடா ஓரத்தில் குறைவு. உலோக அரிப்புக்கான சர்வதேசத் தரநிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 9223 காற்றுச் சூழலை சி1 தொடங்கி சி5 வரையும், அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் வகைப்படுத்துகிறது. அலைக்கு நேர் எதிரே உள்ள கட்டடங்கள் இந்தப் பட்டியலின் மேல்முனைக்குப் போய்விடும். இவர்களின் பால்கனிக்கும் அலைக்கும் நடுவே ஒரு சாலையும் கொஞ்சம் மணலும்தான்.

எதிர்பாராத இன்னொன்று, மழையில் நனையும் கம்பியைவிட மழை படாமல் சன்ஷேடுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கம்பிதான் அதிகம் துருப்பிடிக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. நிழலில் இருப்பதை யாரும் கழுவுவதில்லை. பாட்டி தினமும் நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்த சன்னல் கம்பிகள் ஆண்டு முடிவிலும் தேறி இருந்தன. அவர் கைக்கு எட்டாத மேல்கீல்கள் போய்விட்டன.

ஏசியின் வெளிப்பெட்டி முதல் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அதில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியபடி இருக்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் வந்தால் அது ஒரு மின்கலம். இரண்டில் எளிதில் அரிக்கப்படும் உலோகமான அலுமினியம் கரையும். மேற்பூச்சு பூசிய தகடுகளோடு கடலோரத்துக்கென்றே வரும் பெட்டிகள் உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். பெட்டியை அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசவும் வேண்டும். காப்பீட்டில் கேட்டுப் பார்த்தார்கள்; படிப்படியான தேய்மானம் சேராது என்று பதில் வந்தது. வீட்டுக் காப்பீடுகளில் துரு பொதுவாக அந்தக் கணக்கில்தான் போகும்.

தாழ்ப்பாள், கீல், திருகாணி எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார் கணவர். கடையில் கொடுத்தது 304 ரகம். சில மாதங்களில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. கடலோரத்துக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஈரமும் மூச்சும்

"ஊர்ல 40 டிகிரியைப் பார்த்தவங்க நாங்க, இங்க 32 தானே" என்று கணவர் நினைத்திருக்கிறார். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டு அட்டவணையில் 32 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் நிழலிலேயே உடம்பு உணரும் சூடு சுமார் 45 டிகிரி. வறண்ட 40-ஐவிட இது கடுமை. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் வியர்க்கும் திறனும் குறைவு என்பதால் அவர்களைத்தான் முதலில் வாட்டும்.

கணவருக்கு இது உறைக்கவே இல்லை. ஏசி அலுவலகம், ஏசி கார். வீட்டில் இருப்பது பெரும்பாலும் தூங்கும் நேரம். பகல் முழுவதும் பின்னறையில் கணக்குப் பார்த்தவர் மனைவி.

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் முதுகில் பூஞ்சணம் வந்தது. மகளின் புத்தகங்களில் பழுப்புப் புள்ளி. செருப்பு, பெல்ட், தோல்பை எல்லாவற்றிலும் சாம்பல் படர்ந்தது. வீட்டுக்குள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சணம் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளை ஒடுக்க 50-க்குக் கீழே போக வேண்டும். பாட்டியின் இழுப்புக்கு இந்தப் பூச்சிகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அங்கே பார்த்த மருத்துவர் சொன்னார். கைக்கடிகாரம் அளவுள்ள ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னேன். முதல் நாளே பின்னறையில் முள் 80-ஐத் தாண்டியது. கணவர் அதைப் பார்த்த பிறகுதான் வீட்டை மாற்றும் பேச்சு உண்மையில் தொடங்கியது. அதுவரை மனைவியும் அம்மாவும் சொன்னது அவருக்குக் குறையாகத்தான் பட்டிருந்தது. எண்ணாகப் பார்த்ததும் பிரச்சினையாகிவிட்டது. நான் நிறையக் குடும்பங்களில் பார்த்தது இது. நல்ல பழக்கமில்லைதான், ஆனாலும் அதற்காகவே எப்போதும் பையில் ஒரு ஈரப்பதமானி வைத்திருக்கிறேன்.

தண்ணீர்

அடுக்குமாடிக்கு ஆழ்துளைக் கிணற்று நீர். குடிவந்தபோது நன்றாக இருந்தது, கோடையில் கரித்தது. கடலோர நிலத்தடியில் நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. எடை வித்தியாசம் சிறியது என்பதால் அந்தச் சமநிலை நுட்பமானது. நெதர்லாந்தின் பாடன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியாகக் கண்ட விதி ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: உறிஞ்சி உறிஞ்சி மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். அதனால் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், கோடையின் கடைசியில் எங்கிருந்து வருகிறது என்று அங்கே நெடுநாள் இருப்பவரிடம் கேட்க வேண்டும். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1000-ஐத் தாண்டினால் வாயில் வைக்க முடியாமல் போகும்.

பிள்ளைகளும் பாட்டியும்

மகன் முதலில் ஊரோடு ஒட்டிக்கொண்டான். மணலில் பந்து விளையாடும் கூட்டம் ஒன்று இருந்தது, போதும். அவனைப் பற்றிய கவலை வேறு. நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்குக் கடல் தெரியாது. அலைகள் உடையாமல் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரியும் இடைவெளிதான் பெற்றோர் கண்ணுக்குப் பாதுகாப்பாகப் படும். பெரும்பாலும் கரையிலிருந்து உள்ளிழுக்கும் நீரோட்டம் ஓடும் இடம் அதுதான். அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடியது. எதிர்த்து நீந்தி ஒலிம்பிக் வீரராலும் கரை சேர முடியாது. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டத்திலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையோரம் வளரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை, பெரிய பையன்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். வந்து சேரும் குடும்பம் அதைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். நில நடுக்கத்தை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும். 2004 டிசம்பர் 26 அன்று பல கரைகளில் உள்வாங்கிய கடலைப் பார்க்க இறங்கியவர்கள் திரும்பவில்லை.

மகளின் கதை இத்தனை எளிதல்ல. பள்ளி இறுதித் தேர்வுக்கு ஓராண்டு முன்பு, பள்ளி ஆண்டின் நடுவில் மாறினாள். பாடத்திட்டம் ஒன்றே என்றாலும் பழைய பள்ளி முடிக்காத பாடங்களைப் புதிய பள்ளி முடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவே சில பாடங்கள் அவள் வாழ்க்கையிலிருந்தே விழுந்துவிட்டன. "எல்லாரும் என்கிட்ட கேட்டாங்க. முடிவு பண்ணின அப்புறம்" என்றாள். அவளுடைய அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை. எந்தக் கல்வியாளரும் சொல்லும் அறிவுரை, தேர்வு ஆண்டுக்கு நெருக்கத்தில் நகர்த்தாதீர்கள் என்பது. இவர்களுக்கும் தெரியும். பதவி உயர்வின் தேதி பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு அழுத்த மதிப்பெண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பது 100. வீடு மாறுவது 20, பள்ளி மாறுவது 20, வாழ்க்கைச் சூழல் மாறுவது 25, வேலையில் பொறுப்பு மாறுவது 29. அந்தப் பட்டியலுக்கு வயதாகிவிட்டது, மதிப்பெண்களை அப்படியே நம்பத் தேவையில்லை. எனக்கு அதில் பயன்படுவது ஒன்றுதான்: ஒரே லாரியில் வந்திறங்கும் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பாரம். கணவருக்குப் பொறுப்பு மாற்றத்தோடு பதவி உயர்வும் வந்தது. ஈடுகட்ட ஏதோ இருந்தது. பாட்டிக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

ஆறாவது தளத்திலிருந்து அவர் மாதக்கணக்கில் இறங்கவே இல்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் வீட்டில் எல்லோரும் உணர்ந்தார்கள். லிஃப்ட் இருந்தது, அடிக்கடி பழுதானது, அதுவும் உப்பின் கைங்கரியம். பயம் வந்துவிட்டது. வேலை மாறிவந்த தன் மகனிடம் சொல்லவில்லை. "அவனே இப்பதான் புது எடத்துல உக்காந்திருக்கான், அவன்கிட்ட போய் நானும் பாரத்தை ஏத்தணுமா?" என்றார் என்னிடம்.

மழைக்காலம்

அந்த ஆண்டு பெரிய புயல் எதுவும் இல்லை. நல்ல மழை, அவ்வளவுதான். அதற்கே கட்டடத்தின் பின்தெருவில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். கடலுக்கு நேரே உள்ள வீடு நனையவில்லை, பின்னால் இருந்த தெரு மூழ்கியது என்பதில் கணவருக்கு ஆச்சரியம். கரையை ஒட்டிய மணல்மேடு பல இடங்களில் உயரமாகத்தான் இருக்கும், அதன் பின்பக்கம்தான் பள்ளம். மழைநீர் வடிகால் கடலில் போய் விழும் இடத்தில் ஓதம் ஏறிக் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மழை சேர்ந்துகொண்டால் சுமாரான மழையே போதும். புயல் வந்தால் இதன் மேல் புயல் அலை ஏற்றம் வரும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். அதைவிடப் பெரிய பங்கு, காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுவது. ஆகவே கடலிலிருந்து எத்தனை தூரம் என்பதோடு எத்தனை உயரம் என்றும், அருகே முகத்துவாரமோ உப்பங்கழியோ உண்டா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் பின்வாசல் வழியாகவும் வரும்.

இரண்டாவது வீடு

இந்த முறை நான் வைத்த ஒரே நிபந்தனை: ஒரு நாளில் வீட்டில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணிக்கைதான் அவரவர் ஓட்டு. பாட்டி 23. மனைவி 20. மகன் 16, மகள் 15. கணவர் 11, அதில் ஏழு தூக்கம். தாளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் வாடகை கட்டுறதுக்கு மட்டும்தானா?" என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு உள்ளே, மேட்டுப்பகுதியில், முதல் தளம். விடியற்காலையில் ஒரு முறையும், மழை விட்ட மறுநாள் ஒரு முறையும் போய்ப் பார்த்தார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் உண்டு. தண்ணீர் நகராட்சிக் குழாயில் வருகிறது. மனைவி அலமாரிகளின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பாட்டி சமையலறையையோ குளியலறையையோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கீழ உக்காந்து பேச ஆள் இருக்காங்களா?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. இருந்தார்கள். வாசல் திண்டில் அவர் வயதை ஒட்டிய மூன்று பேர்.

கணவருக்குத்தான் இழப்பு. கடலோர நகரம் பாதி வட்டம். ஒரு பக்கம் சாலையே கிடையாது. ஊரின் போக்குவரத்து முழுவதும் கரைக்கு இணையாக ஓடும் ஓரிரு சாலைகளில் போய்ச் சேருகிறது. பழைய புறநகரில் ஒரு வழி அடைத்தால் இன்னொன்றில் போகலாம். இங்கே அப்படியில்லை. அலுவலகத்துக்குப் போகவர எடுக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. முன்பணத்தில் போனதையும் அவர்தான் சுமந்தார்.

இப்போதைய நிலை

பாட்டியின் இழுப்பு குறைந்திருக்கிறது. வீடு மாறியதாலா, மருந்தை மாற்றியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. மாலையில் கீழே இறங்குகிறார். மனைவி காற்று வரும் முன்னறையை வேலை அறையாக்கிக்கொண்டார். மகள் தேர்வை ஓரளவு சமாளித்துவிட்டாள். மேற்படிப்புக்குப் பழைய ஊருக்கே போய் விடுதியில் தங்குவேன் என்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவள் இன்னும் இந்த ஊருக்கு வரவே இல்லை. பெற்றோர் அதை ஒரு பிடிவாதமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயமான முடிவாகத் தோன்றுகிறது. புறநகர் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டது அவர்கள் முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்த காரியம். அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் வீட்டில் இந்தப் பேச்சு சண்டையாக மாறவில்லை.

கணவர் இன்றைக்கும் முதல் வீட்டைத்தான் நல்ல வீடு என்கிறார். கடல் தெரியும்படி ஒரு சொந்த வீடு வாங்கும் ஆசையை விடவில்லை. மனைவி மறுக்கவில்லை, நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறார்: பௌர்ணமியை ஒட்டி, இரண்டு நாள் மழைக்குப் பிறகு, விடியற்காலையில் போய்ப் பார்த்து, கீழ்த்தளக் கூரையில் வெடிப்பு இல்லாமல் இருந்தால் வாங்கலாம். பார்த்த இரண்டில் ஒன்று கூரையில் தோற்றது, மற்றொன்றுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர். இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டியிருக்கிறார்கள்.